உறையாத பால் சொன்ன பாடம்

வங்கியில் ஓய்வு பெற்றபின் செங்கல்பட்டு பக்கம் ஒன்றரை ஏக்கரும் மூன்று பசுக்களுமாக இருக்கிறேன். பழைய பழக்கம், மாட்டுக்கும் ஒரு பேரேடு உண்டு. போன கோடையில் அதில் எழுத நேர்ந்த என் தவறையே இங்கே பாடமாகச் சொல்கிறேன்.

ஒருநாள் காலையில் வீட்டம்மா, "என்னங்க, ராத்திரி உறை ஊத்தினது அப்படியே பாலாவே இருக்குது" என்றார். பேத்திக்காக நாட்டுச்சர்க்கரை கலந்திருந்தோம். அதுதான் காரணம் என்று நினைத்தேன். மறுநாள் சர்க்கரையில்லாமல், மூன்று மாட்டுப் பாலையும் தனித்தனி டம்ளரில், ஒரே உறைமோர் விட்டு வைத்தேன். இரண்டு கெட்டியாக உறைந்தன. செவலையின் பால் மட்டும் உறையவில்லை.

பேரேட்டைப் புரட்டினேன். மடிநோய்க்கு ஊசி போட்டிருந்தது. எத்தனை நாள் பாலை விலக்க வேண்டும் என்று மருந்துச் சீட்டில் இருந்தது. நான்தான் நாளைத் தப்பாக எண்ணிவிட்டேன். அதே பால் நான்கு வீட்டுக்கும் போயிருந்தது. நேரில் போய் உண்மையைச் சொல்லி, பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

நடந்தது என்ன?

உறைமோரில் உள்ள லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பாலிலுள்ள லாக்டோஸ் சர்க்கரையைத் தின்று அமிலமாக்குகின்றன. கார அமில நிலை 4.6 அளவுக்கு இறங்கும்போது கேசின் புரதம் திரண்டு தயிராகிறது. பாலில் தங்கிய நுண்ணுயிர்க்கொல்லி மருந்து அந்த பாக்டீரியாவையும் கொல்லும், இல்லையேல் முடக்கும்.

நாமே சேர்ப்பவை

பிறகு நல்ல பாலில் 200 மில்லி டம்ளர்களில் சோதித்துப் பார்த்தேன்.

நாட்டுச்சர்க்கரை: ஒரு தேக்கரண்டி தொந்தரவு செய்யவில்லை. நான்கு போட்டதில் உறைய நேரம் பிடித்தது, புளிப்பும் குறைவு. இனிப்பு மிகுந்தால் பாக்டீரியாவிடமிருந்து நீரை இழுத்துவிடும். கொதிக்கும் பாலில் போட்டால் திரியவும் கூடும், வெதுவெதுப்பானதும் கலக்குங்கள்.

உப்பு: இதுவும் உறைவதைத் தாமதமாக்கும். சாப்பிடும்போது போடுவதே சரி.

அன்னாசி: பச்சையாகப் போட்டால் அதன் நொதி புரதத்தை அறுத்து, தயிர் நெகிழ்ந்து கசக்கும். வேகவைத்தால் நொதி அழியும். பழம் எதுவானாலும் தயிர் உறைந்தபின், பரிமாறும்போது சேர்ப்பது நல்லது.

மிளகாய்க் காம்பு: உறைமோர் இல்லாத நாளில் கைகொடுக்கும். காம்பில் ஒட்டியிருக்கும் பாக்டீரியாவே வேலை செய்கிறது. முதல் தயிர் சுமாராக இருக்கும். அதையே உறையாக்கினால் அடுத்தது தேறும்.

பால்: கட்டுச்சோறு கட்டும்போது சோற்றில் பால் நிறைய விட்டு, தயிர் ஒரு கரண்டி மட்டும் சேர்ப்பார்கள் நம் வீட்டுப் பெண்கள். வழியில்தான் உறையும், மதியம் வரை புளிக்காது.

மாடு வைத்திருப்போர் கவனத்துக்கு

ஊசி போட்ட தேதியையும் பால் விலக்க வேண்டிய கடைசி நாளையும் கொட்டகைச் சுவரிலேயே எழுதிவையுங்கள். அந்தப் பாலைப் பஞ்சகவ்யத்திலும் சேர்க்காதீர்கள். நுண்ணுயிரை வளர்க்கத்தானே அதைச் செய்கிறோம்? பால் உறைந்துவிட்டாலே மருந்து இல்லை என்றும் ஆகாது, நாள் கணக்கே முக்கியம்.

மடிநோயின் தொடக்கத்திலேயே பேராசிரியர் புண்ணியமூர்த்தி பரப்பிய மூலிகை முறையைக் கையாளலாம்: சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் அரைத்து, நீர் கலந்து, கழுவிய மடியில் பகலில் பலமுறை பூச வேண்டும். காய்ச்சல் இருந்தாலோ, பாலில் இரத்தம் வந்தாலோ தாமதிக்காமல் கால்நடை மருத்துவரை அழையுங்கள்.

இப்போது எங்கள் வீட்டில் தினமும் ஒவ்வொரு மாட்டுப் பாலும் தனி டம்ளரில் உறைகிறது. காலையில் அதைப் பார்த்த பிறகே பேரேட்டைத் திறக்கிறேன்.