மண்ணீரம் அறிவிக்கும் கம்பியில்லாப் பலகைக்குப் பாகங்கள் தெரிதல்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் செம்மண் தறைகளில் மிளகாய், வெங்காயம் முதலியன பெரும்பாலும் கிணற்று நீரைக் கொண்டே செய்கைபண்ணப்படுகின்றன. தேவைக்கு மேல் இறைத்தால் எண்ணெய்ச் செலவு கூடுவதோடு, சுண்ணக்கல்லினுள் தங்கிய நன்னீர் குறைந்து உவர்நீரும் மேலேறும். வேர்மட்டத்து ஈரத்தை அளந்து வீட்டுக்கு அறிவிக்கும் சிறு மின்சுற்றுப் பலகை, இறைப்பு நாளைத் தீர்மானிக்க உதவும். அதன் பாகங்களைப் பிழையாகத் தெரிந்தாலோ, பூக்கும் பருவத்திலே பலகை ஓய்ந்துவிடும்.

பலகை மணிக்கொருமுறை இரண்டொரு விநாடி விழித்து, மற்றைய நேரம் உறங்கும். ஆகவே உறக்கத்தில் அது உண்ணும் மின்னே பற்றரியின் ஆயுளைப் பெரிதும் நிர்ணயிக்கும். வாங்குவோர் நுண்கட்டுப்படுத்தியின் வேகத்தையே விசாரிப்பர்; மின்னழுத்தச் சீராக்கியைப் பற்றிக் கேட்பவர் சிலரே. ஆயத்தப் பலகைகள் பலவற்றில் உள்ள 1117 வகைச் சீராக்கி, வேலை எதுவுமின்றியே ஏறக்குறைய 5 மில்லி அம்பியரை உண்ணும். நாளொன்றுக்கு இது 120 மில்லி அம்பியர் மணியாகும். 2400 மில்லி அம்பியர் மணி கொண்ட பற்றரி 20 நாளில் வெறுமையாகும். எம்.சி.பி. 1700 வகைச் சீராக்கி உண்பதோ 2 மைக்கிரோ அம்பியருக்கும் குறைவு. இதனுடன் ஏ.ரி.மெகா 328பி நுண்கட்டுப்படுத்தியைச் சேர்த்தால், அதே பற்றரி ஓராண்டுக்கு மேலும் உழைக்கும். எந்நேரமும் எரியும் அடையாள விளக்கைப் பொருத்தலாகாது.

செய்தி அனுப்புதற்கு வைபை உகந்ததன்று. அது அனுப்பும்போது நூற்றுக்கணக்கான மில்லி அம்பியரை இழுக்கும். தோட்டத்து எல்லைவரை எட்டுவதும் அரிது. லோறா முறை, வெளியான நிலத்தில் சில கிலோமீற்றர் செல்லும். வீட்டில் அதற்கொரு வாங்கி வேண்டும். அனுமதிக்கப்பட்ட அதிர்வெண்ணைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் முன்னரே அறிந்துகொள்க. 923 மெகா ஏட்சுக்கு 8 சென்ரிமீற்றர் நீளமான நேர்கம்பி அலைவாங்கியாகப் போதும். அதனைப் பயிருக்கு மேலே நிறுத்துதல் வேண்டும். அதனைப் பூட்டாமல் அனுப்பியை இயக்கினால் அனுப்பி பழுதடையலாம்.

மண்ணின் மின்தடையை அளக்கும் இரு கவர் உணரி மலிவானது. ஆயின் கவர்கள் அரிக்கப்பட்டு அளவு நாளடைவில் மாறும். இட்ட உரத்தின் உப்பும் அளவைப் பிறழச்செய்யும். கொள்ளளவத்தை அளக்கும் உணரியே ஏற்றது. அதன் ஓரங்களுக்கும் மேற்பாகத்துக்கும் வார்ணிசு பூசாவிடில் ஈரம் உட்புகும். அளக்கும் வேளையில் மாத்திரம் அதற்கு மின் செல்லுமாறு இணைத்தல் நன்று.

நீர் நிற்கும் நெல்வயலுக்கு இவ்வுணரியால் பயனில்லை. அங்கே துளையிட்ட குழாயைப் புதைத்து, நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 சென்ரிமீற்றருக்கு இறங்கியதும் நீர் பாய்ச்சலாம். அதற்கு ஓர் அளவுகோலே போதும். பூக்கும் காலத்தில் வயலை உலரவிடலாகாது.

உணரி தரும் எண் தானாக எதனையும் உணர்த்தாது. அதே தோட்டத்து மண்ணை நன்கு உலர்த்தி ஒருமுறையும், நீரூற்றி வடிந்தபின் ஒருமுறையும் அளந்து, அவ்விரு எண்களையும் எழுதி வைத்தல் வேண்டும். முதல் இரு வாரங்களும், ஒவ்வோர் இறைப்புக்கு முன்னும் வேரடி மண்ணைக் கையிற் பிடித்துப் பார்த்து, எண்ணோடு ஒப்பிடுக.