அம்பாசிடர் சீட்டும் நியூட்டன் விதியும்



எங்க மாமாவிடம் 1980களில் வந்த மார்க் 4 அம்பாசிடர் ஒன்று இருக்கிறது. கல்யாண சவாரிக்கு ஓட்டுகிறார். "எல்லாம் அம்பாசிடர்தானே, எந்த வருஷத்து சீட்டா இருந்தா என்ன?" என்று சொல்லி, பழைய முன் சீட்டைக் கழற்றிவிட்டு, பின்னாளில் வந்த அம்பாசிடரின் இரண்டு தனி சீட்டுகளைப் போட்டார். அதனால் என்ன ஆச்சு என்று பார்ப்போம்.

வண்டியின் கதை

அம்பாசிடர் இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரைப் பார்த்து செய்தது. கொல்கத்தா அருகே உத்தர்பாராவில் 1957 முதல் 2014 வரை தயாரானது. வெளியே பார்த்தால் ஒரே மாதிரிதான். உள்ளே அப்படி இல்லை. பழைய வண்டியில் முன்னால் ஒரே நீள பெஞ்ச் சீட்டு, கியர் தடி ஸ்டீயரிங் பக்கத்தில். அதனால் முன்னாலேயே மூன்று பேர் உட்காரலாம். 1990களில் இசுசு எஞ்சினோடு வந்த வண்டிகளில் தனித்தனி சீட்டும் வந்தது. பெஞ்சுக்குக் கால் இருக்கும் இடம் வேறு, தனி சீட்டுக்கு வேறு.

நடந்தது

ஓட்டை சேரவில்லை. சீட்டு போட்டுக் கொடுத்தவர் அடியில் மரக்கட்டை வைத்தார். அம்மாயி உட்காரும் சீட்டுக்கு நாலு போல்ட்டில் இரண்டுதான் சரியாக ஏறியது. மற்ற இரண்டையும் முடுக்கித் திணித்தார். ஒருநாள் இலுப்பூர் ரோட்டில் ஆடு குறுக்கே வந்தது. மாமா பிரேக் போட்டார். வண்டி நின்றது, சீட்டு நிற்கவில்லை. அம்மாயி நெற்றியில் நாலு தையல்.

அறிவியல் காரணம்

1. நிலைமம்: ஓடும் பொருள் ஓடிக்கொண்டே இருக்கப் பார்க்கும். 36 கி.மீ. வேகம் என்றால் விநாடிக்கு 10 மீட்டர். 2 விநாடியில் நின்றால் எதிர்முடுக்கம் 5 மீ/வி². ஆளும் சீட்டும் சேர்த்து 60 கிலோ என்றால் விசை 60 × 5 = 300 நியூட்டன். அதாவது 30 கிலோ மூட்டையின் எடை அளவு. மரத்தில் மோதி 0.1 விநாடியில் நின்றால், 10 கிலோ சீட்டு மட்டுமே 1000 நியூட்டன் விசையோடு பிய்த்துக்கொண்டு வரும்!

2. மரை: 5/16 இன்ச் போல்ட் 7.94 மி.மீ. கண்ணுக்கு 8 மி.மீ. போலத்தான் தெரியும். ஆனால் மரையின் இடைவெளி வேறு. திணித்தால் ஏறும், மரை அழிந்து போகும். பிறகு பிடிக்காது.

3. அழுத்தம்: விசையைப் பரப்பால் வகுத்தால் அழுத்தம். தரைத் தகடு மெல்லியது. புது ஓட்டை போட்டு சின்ன வாஷர் வைத்தால் தகடு கிழியும். அடியில் பெரிய இரும்புத் தகடு வைத்தால் விசை பரவும்.

கவனிக்க வேண்டியவை

• வாங்கும் முன் டேப் வைத்து, கால் ஓட்டைகளின் நீளம், அகலம் இரண்டையும் அளக்க வேண்டும்.
• கியர் தடி தரையில் இருந்தால் பெஞ்ச் சீட்டு இடிக்குமா என்று பார்க்க வேண்டும்.
• மரக்கட்டை கூடவே கூடாது.
• 1994 முதல்தான் புதுக் கார்களின் முன் சீட்டுக்கு பெல்ட் கட்டாயம். பழைய வண்டியில் பெல்ட் மாட்ட இடம் இருக்காது. அனுபவமுள்ள மெக்கானிக்தான் அதைச் செய்ய வேண்டும்.

இப்போது மாமா, மாட்டுக்கொட்டகையில் கோழி அடைகாத்துக் கொண்டிருந்த அந்தப் பழைய பெஞ்சையே எடுத்து, ரெக்சின் மாற்றி, பழைய ஓட்டையிலேயே பொருத்திவிட்டார். பெல்ட்டும் போட்டாச்சு. அம்மாயி அதை "தொட்டில் கயிறு" என்கிறார். ஆனால் மறக்காமல் மாட்டிக்கொள்கிறார்.

நண்பர்களே, உங்க வீட்டு வண்டியிலோ, நீங்க ஏறுற வேன்லயோ சீட்டைப் பிடித்து ஒருமுறை ஆட்டிப் பாருங்க. ஆடினால் உடனே பெரியவங்ககிட்ட சொல்லுங்க.



— 9ஆம் வகுப்பு மாணவி, அன்னவாசல்