காற்றுவில் வண்டியின் கம்ப்ரசர்: பழுதறியும் முறை

திருவண்ணாமலை அருணாசலேசுவரர் கோயிலிலிருந்து செங்கம் சாலையில் சுமார் 2 கிலோமீட்டர் சென்றால் ரமணாசிரமப் பகுதியை அடையலாம். செங்கம் வழியே கிருஷ்ணகிரிக்கும், அங்கிருந்து பெங்களூருக்கும் செல்லும் சாலை இதுவே. பௌர்ணமி நாட்களிலும் கார்த்திகைத் தீபத்தின்போதும் வெளியூர் மக்கள் மோட்டார் வண்டிகளில் வந்து, அவற்றை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு, 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை நடந்து சுற்றுகின்றனர். சுற்றி முடித்து வருவோரில் சிலர் தம் வண்டி ஒரு பக்கம் சாய்ந்தோ, பின்புறம் தாழ்ந்தோ கிடக்கக் கண்டு திகைப்பதுண்டு. டயர்களில் காற்று குறையவில்லை, எஞ்சினிலும் குறையில்லை, ஆயினும் வண்டி எழுவதில்லை.

அவ்வேளையில் அவர்கள் நாடுவது பக்கத்திலுள்ள சிறு பட்டறையையே. சுற்றுப்புறக் கிராமங்களில் பிறந்து, தொழிற்பயிற்சி நிலையத்தில் மோட்டார் மெக்கானிக் பயிற்சி பெற்று, கடன் வாங்கிப் பட்டறை வைத்துள்ள இளைஞர்கள் பலர். அத்தகைய இளைஞர் ஒருவரிடம் இவ்விதம் தாழ்ந்த வண்டி ஒன்று வந்தது. கம்ப்ரசர் ஓடவில்லை என்று கண்டவுடன் அவர் புதிய கம்ப்ரசரை வாங்கிப் பொருத்தினார். வண்டி எழுந்தது. இரண்டே மாதங்களில் புதிய கம்ப்ரசரும் எரிந்து போயிற்று. வண்டிக்குரியவர் மீண்டும் பணம் தர மறுக்கவே, இரண்டாவது கம்ப்ரசரின் விலை பட்டறைக்காரர் தலையில் விழுந்தது. பல மாத உழைப்பின் பயன் அதில் கரைந்தது.

அவர் கைத்திறமையில் குறையில்லை. முதல் கம்ப்ரசர் ஏன் எரிந்தது என்ற ஒரு கேள்வியை மட்டும் அவர் கேட்கத் தவறினார். அக்கேள்விக்கு விடை காணும் முறையைக் கூறுவதே இப்பாடத்தின் நோக்கம்.

காற்றுவில் என்பது யாது?

நம் ஊர்களில் வில்வண்டியை அறியாதார் இலர். அதன் இரும்புப் பட்டைகள் வளைந்து கொடுத்துப் பள்ளம் மேடுகளின் அதிர்ச்சியைத் தாங்குகின்றன. லாரியில் இருப்பதும் அத்தகைய பட்டைவில்லே. சாதாரணக் கார்களில் சுருள்வில் இருக்கிறது. காற்றுவில் வண்டியில் இரும்பு வில்லுக்குப் பதிலாக, காற்று நிரம்பிய ரப்பர்ப் பை வண்டியைத் தாங்குகிறது. கொல்லன் உலைத் துருத்தியின் வாயை மூடிவிட்டால் எப்படியோ, அப்படிப்பட்டது இது. பட்டறைகளில் இதனை ஏர் பெலோ என்று வழங்குவர்.

அமெரிக்காவில் 1954-இல் கிரேஹவுண்டு நெடுந்தூரப் பஸ்களிலும், 1957-இல் கடிலாக் கார் ஒன்றிலும் இம்முறை இடம் பெற்றது. நம் நாட்டில் 2001 முதல் ஓடத் தொடங்கிய வால்வோ பஸ்களால் பொதுமக்கள் இதன் சுகத்தை அறிந்தனர். இன்று விலையுயர்ந்த கார்கள் பலவற்றில் இது உண்டு.

கார் டயரில் சதுர அங்குலத்திற்கு 30 முதல் 35 பவுண்டு அழுத்தமே இருக்கும். காற்றுவில்லிலோ, வண்டிக்கு வண்டி மாறினும், 70 முதல் 150 பவுண்டு வரை இருப்பது வழக்கம். வண்டியில் ஆட்கள் ஏறியதும் அது சிறிது தாழ்கிறது. சக்கரத்தருகே உள்ள உயரமானி அதனை உணர்ந்து கட்டுப்பாட்டுக் கருவிக்குத் தெரிவிக்கிறது. அக்கருவி ரிலே வழியாகக் கம்ப்ரசரை ஓட்டி, உரிய வால்வைத் திறந்து, வேண்டிய பைக்குக் காற்றை அனுப்புகிறது. உயரம் சரியானதும் எல்லாம் நின்றுவிடும்.

லாரி, பஸ்களின் கம்ப்ரசரில் பழகியவர்கள் ஒரு வேறுபாட்டைக் கவனித்தல் வேண்டும். அது எஞ்சினால் சுழற்றப்பட்டு, எஞ்சின் ஓடும் நேரமெல்லாம் சுழல்வதற்கென்றே உறுதியாக அமைக்கப்பட்டது. காரில் உள்ளதோ 12 வோல்ட் மின்சாரத்தில் இயங்கும் சிறு யந்திரம். சிறிது நேரம் ஓடி, நெடுநேரம் ஓய்வதற்காகவே அது அமைந்தது. இடைவிடாது ஓடினால் சூடேறிக் கெடும்.

கம்ப்ரசர் கெடுவதேன்?

துருத்தி கிழிந்திருந்தால் எத்தனை வேகமாக ஊதினாலும் உலை கனலாது. ஊதுபவனே களைத்துப் போவான். காற்றுவில்லில் மயிரிழை வெடிப்பு ஏற்பட்டாலும் நிகழ்வது இதுவே. காற்று கசியக் கசிய வண்டி தாழ்கிறது. தாழத் தாழக் கம்ப்ரசர் ஓடுகிறது. நாளடைவில் அதன் பிஸ்டன் வளையம் தேய்கிறது. ரிலேயின் முனைகள் கருகுகின்றன.

இன்னொரு கேடும் உண்டு. வெளிக்காற்றில் ஈரம் இருப்பதால், அதனை உறிஞ்சும் மணிகள் அடங்கிய உலர்த்திக் குப்பி கம்ப்ரசருடன் இணைக்கப்பட்டிருக்கும். பைகளிலிருந்து காற்றை வெளியே விடும்போது, அவ்வுலர்ந்த காற்று குப்பி வழியே திரும்பிச் சென்று மணிகளை மீண்டும் உலரச் செய்கிறது. பை வெடிப்பில் கசியும் காற்றோ இவ்வழியே திரும்புவதில்லை. ஆகவே மணிகள் ஈரத்தில் ஊறிப் பயனற்றுப் போகின்றன. பின்னர் ஈரம் வால்வுகளைச் சென்றடைந்து துருவை உண்டாக்குகிறது. எரிந்த கம்ப்ரசர் பெரும்பாலும் நோயின் விளைவே. நோய் கசிவில் இருக்கிறது.

முதலில் உயிர்க்காப்பு

காற்றில் நிற்கும் வண்டி எக்கணமும் இறங்கக்கூடும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் புகுதல் கூடாது. வண்டியைத் தூக்குமுன் அதன் கையேட்டில் கூறியபடி உயரம் திருத்தும் இயக்கத்தை நிறுத்தி, தூக்கியபின் உறுதியான தாங்கிகளை முட்டுக் கொடுத்தல் வேண்டும். அழுத்தம் நிறைந்த குழாயைத் திடீரெனக் கழற்றுதலும் ஆபத்து. கையேட்டு முறைப்படி காற்றை வெளியேற்றிய பின்னரே இணைப்புகளைத் தொடலாம்.

சோதனை செய்யும் வரிசை

1. இரவுச் சோதனை. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மேலுள்ள மட்கார்டு விளிம்பு வரை அளந்து குறித்துக் கொள்க. மறுநாட்காலை, எஞ்சினை இயக்குமுன் மீண்டும் அளக்க. ஒரு மூலை மட்டும் நன்கு தாழ்ந்திருந்தால் அம்மூலையின் பை, குழாய், வால்வு ஆகியவற்றில் குறை உண்டு. நான்கும் ஒருங்கே தாழ்ந்திருந்தால் வால்வுக் கட்டையையும் பொதுக் குழாய்களையும் ஆராய்க. ஒன்றும் தாழாதிருந்து, பாரம் ஏறியபின் வண்டி எழ மறுத்தால் மட்டுமே சந்தேகம் கம்ப்ரசர் மீதும் அதன் மின்சார வழிமீதும் செல்ல வேண்டும். இச்சோதனைக்கு ஓர் அளவுநாடாவே போதும்.

2. சோப்பு நீர்ச் சோதனை. சைக்கிள் ட்யூபின் ஓட்டையைத் தண்ணீர்த் தொட்டியில் காணும் முறையே இது. சோப்புக் கரைசலைத் தூரிகையால் பையின் மடிப்புகளிலும் குழாய் இணைப்புகளிலும் தடவுக. ரப்பர் பெரும்பாலும் மடிப்பிலேதான் வெடிக்கும். குமிழி எழும் இடமே கசிவு. மின் இணைப்புகளில் கரைசல் படலாகாது. வெளியே எங்கும் குமிழி எழாவிடின், வால்வினுள்ளே கசிவதாகக் கருதலாம்.

3. உயரமானிச் சோதனை. உயரமானியைச் சக்கரத் தண்டுடன் இணைக்கும் சிறு கோல் உடைந்திருந்தால், வண்டி சரியான உயரத்தில் இருப்பினும் தாழ்ந்திருப்பதாகக் கருவி எண்ணும். கம்ப்ரசர் வீணே ஓடும்.

4. மின்சாரச் சோதனை. கம்ப்ரசர் ஓசையே இல்லையாயின், முதலில் பாட்டரியைப் பார்க்க. மின்னழுத்தம் குறைந்தால் கருவி கம்ப்ரசரை இயக்காதிருக்கலாம். பின்னர் பியூஸ், ரிலே, கம்பி, மண்ணிணைப்பு என்ற வரிசையில் செல்க. பியூஸ் எரிந்திருந்தால் அதனினும் பெரியதைப் போடுதல் பெரும்பிழை; தீப்பற்ற இடமாகும். சாவியை எடுத்து நெடுநேரமாகியும் கம்ப்ரசர் நில்லாது ஓடினால், ரிலே முனைகள் ஒட்டிக்கொண்டன என்று அறிக.

5. அழுத்தச் சோதனை. கம்ப்ரசர் ஓடியும் வண்டி எழாவிடில், காற்று உள்ளிழுக்கும் வடிகட்டியில் புழுதி அடைத்துள்ளதா என்று காண்க. பின்னர் வெளிவாயில் அழுத்தமானியைப் பொருத்துக. கையேட்டில் குறித்த அளவுக்கு முள் ஏறாவிடின் பிஸ்டன் வளையம் தேய்ந்திருத்தல் கூடும். பல கம்ப்ரசர்களுக்கு வளையம் தனியே கிடைக்கிறது. முழுக் கம்ப்ரசரை மாற்றுவதைவிட அது மிகச் சிக்கனம்.

இவ்வைந்தும் முடிந்த பின்னரே புதிய கம்ப்ரசரைப் பற்றி எண்ணுதல் முறை. அப்போதும் கசிவை முதலில் அடைத்து, ரிலேயையும் உலர்த்தி மணிகளையும் உடன் மாற்றுதல் நலம். இவை மாற்றப்படாவிடின் பழைய கேடு புதிய யந்திரத்தையும் பற்றும்.

பருவமும் பழுதும்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் காற்றில் ஈரம் மிகும். இரவுக் குளிரில் பழைய ரப்பர் விறைத்து, கோடையில் தெரியாத வெடிப்பும் வாய் திறக்கும். தீபத்தை ஒட்டி வண்டிகளில் ஆட்களும் மூட்டைகளும் நிறைந்திருக்கும். ஆகவே இக்காலத்தில் இப்பழுது மிகுதியாகத் தோன்றுவதில் வியப்பில்லை. தாழ்ந்த வண்டியை அப்படியே ஓட்டிச் செல்லலாகாது என்று ஓட்டுநர்க்கு எடுத்துரைத்தல் பட்டறைக்காரர் கடமை. மடிந்து கிடக்கும் பை நசுங்கும், டயர் உராயும்.

ஊருக்குத் திரும்பும் அவசரத்தில் இருப்பவர், இரவு முழுதும் காத்திருந்து அளக்க உடன்படாமல் போகலாம். அப்போது சோப்பு நீர்ச் சோதனையையேனும் செய்து, கண்டதை ஒரு தாளில் எழுதி அவரிடம் கொடுத்து, பிரதி ஒன்றைத் தாமும் வைத்துக்கொள்க. மேலே கூறிய இளைஞரிடம் அத்தகைய தாள் ஒன்று இருந்திருப்பின், கசிவைப் பற்றி இருவரும் முன்னரே அறிந்திருப்பர், அந்நஷ்டமும் நேர்ந்திராது.

பயிற்சிக்குரிய வினாக்கள்

1. மாலையில் நான்கு மூலைகளும் சமமாக இருந்தன. காலையில் முன்புற இடப்பக்கம் மட்டும் 2 அங்குலம் தாழ்ந்திருந்தது. கம்ப்ரசர் நன்றாக ஓடுகிறது. முதலில் எங்கே சோப்பு நீர் தடவுவீர்?

2. வண்டி இரவெல்லாம் தாழவில்லை. ஐவர் ஏறியபின் எழ மறுக்கிறது. கம்ப்ரசர் ஓசையே இல்லை. சோதிக்கும் வரிசையைக் கூறுக.

3. பையில் ஏற்பட்ட கசிவு உலர்த்தி மணிகளைக் கெடுப்பது எவ்வாறு?