கடவுச்சொல்லும் காவலும்

அஞ்சலட்டையில் எழுதிய செய்தியை இடையிலுள்ளோர் எவரும் படிக்கலாம். உறையிலிட்டு ஒட்டிய கடிதத்தை அங்ஙனம் படித்தல் இயலாது. இவ்வேறுபாடு இணையவழிச் செல்லும் மின்னஞ்சலுக்கும் பொருந்தும். ஒருவர் தம் அஞ்சலைக் காணக் கடவுச்சொல்லைப் பதிக்கிறார். அச்சொல், அஞ்சல் நிறுவனத்தின் கணிப்பொறியை அடையுமுன் பல கருவிகளைக் கடக்கிறது. அது மறைக்கப்படாமற் சென்றால், இடைநின்று நோக்கும் கள்வன் எளிதிற் கவர்ந்து கொள்வான்.

இக்குறையைப் போக்குவது மறையாக்கம். பழங்காலத்தில் மறைமொழியில் எழுத விரும்பிய இருவர், அதற்குரிய திறவுகோலை முன்னரே தமக்குள் பகிர்ந்துகொள்ள வேண்டியிருந்தது. ஒருவரையொருவர் காணாதார் அதனைப் பகிர்வது எப்படி? இவ்வினாவிற்கு 1976ஆம் ஆண்டில் டிஃபி, ஹெல்மன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் விடை வெளியிட்டனர். இருவரும் தத்தம் மறையெண்ணைத் தம்மிடமே வைத்துக்கொண்டு, அதனின்று கணக்கிட்ட வேறோர் எண்ணை மட்டும் அனுப்புவர். பின்னர், வந்த எண்ணோடு தம் மறையெண்ணைச் சேர்த்துக் கணக்கிடுவர். இருவர்க்கும் ஒரே விடை கிட்டும், அதுவே திறவுகோல். இடையில் சென்ற எண்களை மட்டும் அறிந்த பிறர்க்கு அது கிட்டாது. இன்று, முகவரி ‘எச்.டி.டி.பி.எஸ்.’ எனத் தொடங்கும் இணையத்தளங்கள் இம்முறையை ஆள்கின்றன.

ஆயினும், வாயிலை மட்டும் காப்பது போதுமா? உள்ளே நுழைந்தவர்க்கு அஞ்சல் நிறுவனம் ‘குக்கி’ என்னும் அடையாளச் சீட்டை வழங்கும். அதன் பின் அவர் கேட்கும் ஒவ்வொரு பக்கத்திற்கும் அச்சீட்டே சான்று. முன்னர்ப் பல தளங்கள் கடவுச்சொல்லை மட்டும் மறைத்து, சீட்டை வெளிப்படையாகச் செல்லவிட்டன. சீட்டைக் கவர்ந்தவன் கடவுச்சொல்லை அறியாமலே உள்ளே புகலாம் அன்றோ? 2010 சனவரியில் ஜிமெயில், அஞ்சல் பார்த்து முடியும்வரை மறையாக்கம் நீடிப்பதையே பொது வழக்கமாக்கியது. அதே ஆண்டு அக்டோபரில் எரிக் பட்லர் என்னும் அமெரிக்கர் ‘ஃபயர்ஷீப்’ என்னும் மென்பொருளை வெளியிட்டார். பொதுவிடங்களின் காப்பற்ற வைஃபை இணைப்பில், பிறருடைய சீட்டுகளை எத்துணை எளிதாகக் கவரலாம் என்பதை அது உலகிற்குக் காட்டியது. நாளடைவில் ஏனைய தளங்களும் முழுமையான மறையாக்கத்தை மேற்கொண்டன.

இத்துணைக் காவலுக்கும் ஓர் எல்லை உண்டு. மறையாக்கம் வழியைக் காக்கும். வழியின் முடிவில் இருப்பவர் நல்லவர் என்று அது உறுதி கூறாது. வஞ்சகனும் மெய்யான தளத்தைப் போன்ற பக்கம் ஒன்றைப் படைத்து, ஓரெழுத்து மட்டும் மாறிய முகவரியை வைத்து, அதற்கும் மறையாக்கம் பெறலாம். அங்கே பதிக்கும் கடவுச்சொல், எவரும் இடையிற் காணாதவாறு, நேரே அவன் கையிற் சேரும். உறை நன்றாக ஒட்டப்பட்டிருந்தும் மேல்முகவரி பிழையானால் என்ன பயன்?

ஆதலின், கடவுச்சொல்லைப் பதிக்குமுன் முகவரியை எழுத்தெழுத்தாகப் படித்தல் வேண்டும். கருவி காக்கும் இடம் ஒன்று; கருத்து காக்க வேண்டிய இடம் மற்றொன்று. இரண்டும் சேர்ந்ததே காவல்.