சின்ன ஓட்டை

வீட்டுக்குப் பின்னால் ஒரு சிறு தோட்டம். அதில் கத்தரி, தக்காளி, அவரை, கீரை. சுற்றிலும் மர வேலி. மாமியாரும் மருமகளும் தோட்டத்தைக் கவனித்தார்கள். காய்கறி வாங்கும் செலவு இல்லை. மிஞ்சியதை விற்றார்கள்.

ஒரு நாள் வேலியின் அடியில் ஓட்டை தெரிந்தது. கை நுழையும் அளவுதான்.

“அத்தை, இதை அடைக்கணும்” என்றாள் மருமகள்.

“சின்ன ஓட்டைதானே! அப்புறம் பார்க்கலாம்” என்றார் மாமியார். முள்ளைச் செருகி வைத்தார்.

மழை பெய்தது. பலகை மேலும் உளுத்தது. முதலில் கோழிகள் நுழைந்தன. கீரைப் பாத்தியைக் கிளறின. பிறகு பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டி நுழைந்தது. பூவும் பிஞ்சுமாக இருந்த அவரைக் கொடியைத் தின்றது.

“ஆட்டைக் கட்டி வைக்கத் தெரியாதா?” என்று மாமியார் சத்தம் போட்டார்.

“வேலியை அடைக்கத் தெரியாதா, பெரியம்மா?” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. பிள்ளைகள் சேர்ந்து விளையாடுவதும் நின்றது.

மூன்றாம் நாள் மாமியார் சொன்னார்: “ஆடு அவளுடையது. ஓட்டை நம்முடையது. வா, அடைப்போம்.”

மருமகள் அடிமண்ணை விலக்கினாள். உள்ளே கரையான் புற்று. அதைச் சுரண்டி எடுத்தாள். உளுத்த பகுதியை நல்ல மரம் தெரியும் வரை அறுத்தாள். ஓட்டையின் அகலத்தை அளந்தாள். 6 அங்குலம். இரு பக்கமும் 2 அங்குலம் நல்ல பலகையின் மேல் படிய வேண்டும். எனவே 10 அங்குலத் துண்டு வெட்டினாள்.

ஆணி அடித்தபோது வேலி ஆடியது. ஆணி இறங்கவில்லை. வெளியிலிருந்து குரல் கேட்டது.

“நான் இந்தப் பக்கம் பிடிச்சுக்கறேன். நீ அடி, தங்கச்சி.”

பக்கத்து வீட்டுக்காரிதான் அது. ஆணி நன்றாக இறங்கியது.

மறுவாரம் வேலிக்கு மேலே ஒரு கட்டுக் கீரை அந்த வீட்டுக்குப் போனது.

நினைவில் வைப்போம்

1. உளுத்த மரத்தில் ஆணி நிற்காது. அதை அறுத்து எடுக்க வேண்டும்.
2. ஓரத்தை ஒட்டி ஆணி அடித்தால் பலகை பிளக்கும். ஓர் அங்குலம் தள்ளி அடிக்க வேண்டும்.
3. மறுபக்கம் நீட்டும் ஆணி முனையை மடக்கி அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் கையைக் கிழிக்கும்.
4. பலகை மண்ணில் படக்கூடாது. பட்டால் ஈரம் ஏறும். கரையானும் ஏறும். அடியில் கல் வைத்து இடைவெளியை மூடலாம்.
5. விரல் அளவு ஓட்டைக்குப் பலகை வேண்டாம். மரத்தூளையும் மரப்பசையையும் குழைத்து அடைக்கலாம். காய்ந்ததும் பெயிண்ட் பூச வேண்டும்.

கணக்குப் போடுவோம்

ஓட்டையின் அகலம் 9 அங்குலம். இரு பக்கமும் 2 அங்குலம் படிய வேண்டும். எத்தனை அங்குலத் துண்டு தேவை?

பேசுவோம்

1. தவறு யாருடையது? ஆட்டுக்காரியுடையதா, வேலிக்காரருடையதா?
2. “அப்புறம் பார்க்கலாம்” என்று உங்கள் வீட்டில் விட்டு வைத்த வேலை எது?