அட்மிஷன் மேசையில் உன் 440

விழுப்புரம்

அன்பு மருமகளுக்கு,

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த நாளிலிருந்து உன் அப்பாவின் போன் ஓயவில்லையாமே! நாமக்கல், ராசிபுரம், நம் திண்டிவனம் ரோட்டிலேயே இருக்கிற ஹாஸ்டல் பள்ளி என்று மாறி மாறிக் கூப்பிடுகிறார்களாம். "440க்கு எங்கே மாமா நல்ல சீட் கிடைக்கும்?" என்று கேட்டிருந்தாய். அந்த 440ஐ அவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்பதை முதலில் தெரிந்துகொள்.

உன் மார்க் ஷீட்டை எடு. தமிழ் 97, ஆங்கிலம் 88, கணக்கு 75, அறிவியல் 82, சமூக அறிவியல் 98. இதே 440ஐ இன்னொரு பிள்ளை தமிழ் 86, ஆங்கிலம் 78, கணக்கு 97, அறிவியல் 95, சமூக அறிவியல் 84 என்று வாங்கியிருப்பதாக வைத்துக்கொள். முதல் குரூப் கேட்டு இருவரும் போனால், அட்மிஷன் மேசையில் இருப்பவரின் விரல் பெரும்பாலும் கணக்கிலும் அறிவியலிலும்தான் போய் நிற்கும். அந்தப் பிள்ளைக்கு இரண்டும் சேர்த்து 192, உனக்கு 157. அவளுக்குக் கட்டணச் சலுகை பேசுவார்கள். உன்னிடம் "காமர்ஸ் எடுத்துக்கோம்மா" என்பார்கள், இல்லையென்றால் முழுக் கட்டணம் சொல்வார்கள். தமிழில் நீ வாங்கிய 97ஐப் பற்றி ஒரு வார்த்தை வராது.

இதில் உன்மேல் யாருக்கும் கோபமில்லை. இரண்டு வருடம் கழித்து வாசலில் கட்டப்போகும் பிளக்ஸ் பேனருக்கு இப்போதே ஆள் எடுக்கிறார்கள், அவ்வளவுதான். அந்தப் பேனரில் ஏறுவது பொறியியல், மருத்துவ சீட்கள்தான். பொறியியல் கட்-ஆஃப் 200க்கு. கணக்கு முழு நூறும் அப்படியே வரும், இயற்பியலும் வேதியியலும் பாதிப் பாதியாகக் குறையும். கணக்கில் 90, இயற்பியலில் 84, வேதியியலில் 88 என்றால் 90 + 42 + 44 = 176. மொழிப்பாட மதிப்பெண்ணுக்கு அங்கே இடமில்லை. மருத்துவத்துக்கோ 720 மதிப்பெண் நீட்தான் எல்லாம். பத்தாம் வகுப்புக் கணக்கும் அறிவியலும் இந்த இரண்டுக்கும் முன்னறிகுறி என்று பள்ளிகள் நம்புகின்றன. அதனால்தான் சில இடங்களில் ரிசல்ட்டுக்கு முன்பே அரையாண்டு, திருப்புதல் தேர்வு மதிப்பெண்ணை வாங்கிப் பார்த்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை தேர்வும் வைத்து, சீட்டைப் பேசி முடித்துவிடுகிறார்கள்.

எல்லா விடுதிப் பள்ளிகளும் இப்படி ஒரே தராசில் நிறுப்பதில்லை. அமெரிக்காவில் 1781இல் தொடங்கிய பிலிப்ஸ் எக்ஸிடர் போன்ற பள்ளிகள் மதிப்பெண்ணோடு ஆசிரியர்களின் கடிதம், நேர்காணல், பிள்ளை எழுதிய கட்டுரை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கின்றன. நமக்குப் பக்கத்தில் காலாப்பட்டில் இருக்கும் நவோதயா பள்ளியில் ஆறாம் வகுப்புக்குப் பழைய மதிப்பெண்ணைக் கேட்கவே மாட்டார்கள், நுழைவுத் தேர்வு மட்டும்தான். ஆனால் அது புதுச்சேரிப் பிள்ளைகளுக்கு. தமிழ்நாட்டில் நவோதயா கிடையாது.

உன் தம்பியை ஆறாம் வகுப்புக்கு ஹாஸ்டலில் போடுவதாக அம்மா சொன்னாள். அவனுக்குத் தனியார் பள்ளியில் தேர்வு வைத்தால் தாராளமாக எதிர்த்துக் கேட்கலாம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 13ஆம் பிரிவு, எட்டாம் வகுப்பு வரையிலான கல்வியில் சேர்க்கும்போது பிள்ளையையோ பெற்றோரையோ சோதித்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்கிறது. மீறினால் முதல் முறை 25,000 ரூபாய் வரை அபராதம். பதினொன்றாம் வகுப்புக்குப் போகும் உனக்கு அந்தச் சட்டம் துணை வராது.

இனி முக்கியமான விஷயம். அவர்கள் உன்னை நிறுப்பது போல நீயும் அவர்களை நிறுத்துப் பார். நீ ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள். பன்னிரண்டு வரை அங்கேயே படித்தால், மருத்துவத்தில் 2020இலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் போன்றவற்றில் 2021இலும் வந்த 7.5 சதவீத உள்ஒதுக்கீடு உனக்கு உண்டு. அந்த ஒதுக்கீட்டில் பொறியியல் போகிறவர்களின் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. கல்லூரி போனதும் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். பதினொன்றாம் வகுப்புக்குத் தனியார் பள்ளியில் கால் வைத்த அன்றே இத்தனையும் போய்விடும். போனில் கூப்பிடுகிறவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். சொல்ல வேண்டியது அவர்கள் வேலையுமில்லை. விடுதியில் தங்கிப் படித்தால்தான் படிப்பு ஏறும் என்று அப்பா நினைத்தால், அரசு மாதிரிப் பள்ளியும் உண்டு உறைவிடப் பள்ளிதான். அங்கே படித்தாலும் நீ அரசுப் பள்ளி மாணவிதான். முதலில் அதை விசாரியுங்கள்.

அதற்குப் பிறகும் தனியார் பள்ளிதான் என்று முடிவானால், பணம் கட்டும் முன் மூன்று கேள்வி கேள். பதினொன்றில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேர் அங்கிருந்தே பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதினார்கள்? பேனரில் முதல் பத்துப் பேரின் படம்தான் இருக்கும், நடுவில் டி.சி. வாங்கிப் போனவர்கள் கணக்கில் வரமாட்டார்கள். இரண்டாவது, பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை அந்த வருடம் முழுக்க நடத்துகிறீர்களா? அதைத் தள்ளிவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்துக்குத் தாவுவதைத் தடுக்கத்தான் 2017-18இல் பிளஸ் ஒன் பொதுத் தேர்வே வந்தது. இப்போது அது இல்லை, ஆகவே நீதான் கேட்க வேண்டும். மூன்றாவது, கட்டணச் சலுகை இரண்டு வருடத்துக்கும் உண்டா, மாதத் தேர்வில் மதிப்பெண் குறைந்தால் நின்றுவிடுமா? பதிலை எழுதி வாங்கு.

கணக்கில் 75 என்பதற்காகக் குன்றிப் போகாதே. பத்தாம் வகுப்பு மதிப்பெண் அந்தக் கட்-ஆஃப் 200இல் சேராது, பன்னிரண்டில் நீ வாங்குவதுதான் சேரும். எந்தக் குரூப் பிடிக்கும் என்று நீயே யோசித்து அப்பாவிடம் சொல். நான் ஞாயிற்றுக்கிழமை திண்டிவனம் வருகிறேன், அதுவரை எங்கேயும் அட்வான்ஸ் கட்ட வேண்டாம் என்று சொல்லி வை.

அன்புடன்,
மாமா