மாளிகைமேடு சொல்லும் வரலாறு

நுழையும்முன்

வானளாவிய கோயில்கள் மன்னரின் பக்தியையும் சிற்பியரின் கைத்திறனையும் காட்டுகின்றன. அம்மன்னர் வாழ்ந்த இல்லம் எத்தகையது? அங்குப் புழங்கிய கலங்கள் எங்கிருந்து வந்தன? இவ்வினாக்களுக்கு விடை தரும் ஒரு மண்மேட்டையும், அதன் பொருள்களைப் பேணும் சிறிய அகழ்வைப்பகத்தையும் அறிமுகம் செய்கிறது இப்பாடம்.

கல்லும் செங்கல்லும்

காஞ்சிபுரத்தை அடுத்துச் சேயாற்றங்கரையில் அமைந்த மாகறல், கி.பி. 7ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பாடிய தலமாகும். அங்கு இறைவனின் கோயில் இன்றும் வழிபாட்டில் உள்ளது. சம்பந்தர் காலத்து மக்களின் வீடுகளோ மறைந்துவிட்டன. தமிழகத்தின் தொன்மையான ஊர்கள் பலவற்றின் நிலையும் இதுவே. சோழர் காலத்தில் கோயில்கள் கல்லால் எழுந்தன. மனிதர் வாழும் இல்லங்கள் மண், மரம், செங்கல் கொண்டு கட்டப்பட்டன. பேரரசரின் அரண்மனையும் இதற்கு விலக்காகவில்லை.

தலைநகரின் சுவடுகள்

கங்கைவரை சென்ற படையெடுப்பின் வெற்றிக்குப் பின், முதலாம் இராசேந்திர சோழன் ஏறத்தாழ 1025இல் தலைநகரைத் தஞ்சையிலிருந்து கங்கைகொண்ட சோழபுரத்திற்கு மாற்றினான். சோழராட்சி முடிவுற்ற 1279 வரை, சுமார் 250 ஆண்டுகள் அந்நகரம் தலைநகராகத் திகழ்ந்தது. அவன் எழுப்பிய கோயில் 2004இல் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. கோயிலைக் காண வருவோர் பலர். அதற்குத் தென்மேற்கே ஏறத்தாழ 2 கி.மீ. தொலைவில் உள்ள மாளிகைமேட்டிற்குச் செல்வோர் சிலரே.

அரண்மனை அழிந்தபோதும் ஊர்ப்பெயர்கள் அழியவில்லை. உட்கோட்டை, ஆயுதக்களம், மெய்க்காவல்புத்தூர், சுண்ணாம்புக்குழி எனச் சுற்றிலும் உள்ள இடங்களின் பெயர்கள் பழைய நகரமைப்பை நினைவூட்டுகின்றன. ‘சோழகேரளன் திருமாளிகை’ என்னும் அரண்மனைப் பெயரைக் கல்வெட்டு பதிவு செய்துள்ளது.

மண்ணுக்குள் மாளிகை

தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1980-81இல் இங்கு அகழாய்வைத் தொடங்கியது. பின்னரும் பலமுறை அப்பணி தொடர்ந்தது. சுட்ட செங்கற்சுவர்கள் வெளிப்பட்டன. தூண்களைத் தாங்கிய கருங்கல் அடித்தளங்கள் சில கிடைத்தன, தூண்கள் கிடைக்கவில்லை. கூரையில் பதித்த சிறிய தட்டையான ஓடுகளும், இரும்பு ஆணிகளும், பற்றிரும்புகளும் கிடைத்தன. இவற்றை இணைத்துக் காணும்போது, கருங்கல் அடித்தளத்தின்மேல் மரத்தூண்கள் நின்று, சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கிய ஓட்டுக் கூரையைத் தாங்கிய மாளிகை மனக்கண்முன் எழுகிறது. மரம் மட்கிய பின்னும் அதை இணைத்த ஆணி சான்று பகர்கிறது.

அகழ்வைப்பகத்தில் காண்போரின் கருத்தைக் கவர்வன சீனப் பீங்கான் ஓடுகள். இராசேந்திரன் 1033இல் சீனத்திற்குத் தூதுக்குழு அனுப்பினான். அக்கடல்வழித் தொடர்பு ஏட்டுச் செய்தியாக நின்றுவிடாமல், அரண்மனையில் புழங்கிய கலமாகவும் இருந்தது என்பதற்கு உள்ளங்கையில் அடங்கும் அவ்வோடுகளே சான்று.

இடம் பெயர்ந்தால் பொருள் இழக்கும்

மாளிகைமேட்டின் அழிவுக்குக் காலம் மட்டும் காரணமன்று. சுற்றுப்புற மக்கள் தலைமுறை தலைமுறையாகச் செங்கற்களைத் தோண்டியெடுத்து வீடு கட்டினர். கொள்ளிடத்தின் குறுக்கே 1836இல் கீழணை கட்டப்பட்டபோது, கோயிலின் சுற்றுமதிற் கற்களும் பெயர்த்துச் செல்லப்பட்டன. ஒன்று குடியிருக்க வேண்டிய தேவை. மற்றொன்று பாசனத் தேவை. இரண்டும் மெய்யான தேவைகளே, இழப்பும் மெய்யானதே.

செங்கல் எடுக்கப்பட்ட குழியில் வேறு மண் நிரம்புகிறது. அதன் நிற வேறுபாட்டைக் கொண்டு, இல்லாத சுவரின் போக்கையும் ஆய்வாளர் வரைந்துவிடுவர். ஆனால், மண்ணடுக்கு கலைந்துவிட்டால் அவ்வழியும் அடைபடும். எந்த அடுக்கில், எதனருகே கிடைத்தது என்று தெரியாத பீங்கான் ஓடு வெறும் உடைந்த கலமே. இடம் அறியப்பட்ட ஓடு வரலாற்று ஆவணம். நிலத்தில் பழம்பொருளைக் காண்போர் அதனை அசைக்காமல் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதன் காரணம் இதுவே.

மன்னரின் பெருமையைக் கோயில் உரைக்கிறது. வாழ்க்கையை உரைப்பவை ஓடும் ஆணியும்தாம். அவற்றின் குரல் மெல்லியது. மண்ணைக் கலைக்காதவர்க்கே கேட்கும்.

தெரிந்து தெளிவோம்

அமெரிக்காவின் தென்மேற்குப் பகுதியில் வாழ்ந்த புவெப்ளோ மக்கள், மேசா வெர்டி என்னுமிடத்தில் பாறைக் குடைவுகளுக்குள் கல்வீடுகள் கட்டி வாழ்ந்தனர். சோழராட்சி முடிவுற்ற அதே 13ஆம் நூற்றாண்டின் இறுதியில், கடும் வறட்சி நிலவிய காலத்தில், அவ்விடத்தை நீங்கித் தெற்கே சென்றனர். வீடுகளில் எஞ்சிய மரவிட்டங்களின் ஆண்டு வளையங்களைக் கொண்டு அவை கட்டப்பட்ட காலம் கணிக்கப்பட்டது. மேசா வெர்டி 1906இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரிலும் அண்டை ஊர்களிலும் கோட்டை, மேடு, களம், வாசல் என முடியும் இடப்பெயர்களைத் திரட்டி, அவற்றின் காரணத்தை முதியோரிடம் கேட்டு எழுதுக.
2. ‘பழைய செங்கல்லில் புதிய வீடு’ என்னும் தலைப்பில், தேவைக்கும் மரபுப் பாதுகாப்புக்கும் இடையிலான சிக்கலைக் குறித்து வகுப்பறையில் கலந்துரையாடுக.